சுற்று சேரும் இடம்

இடது கை கட்டையை மேசையோடு அணைத்துப் பிடித்திருந்தது. வலது கை தையல் நூலை அதன்மேல் ஒரு சுற்று கொண்டுவந்து, நூல் தன்னையே தொடும் இடத்தில் பேனாவால் ஒரு கீறல் போட்டது. பிறகு நூலைப் பிரித்து இரும்பு அடிக்கோலின் மேல் கிடத்தியது. தளர்ச்சியும் இல்லாமல் இழுவையும் இல்லாமல் இரண்டு பெருவிரல்களும் ஓரங்களை அமுக்கிக்கொண்டன. விரல்நுனிகளில் ரப்பரின் கறுப்பு ஏறிப்போயிருந்தது. ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் பிளேடு கிழித்த பழைய கோடுகள். ஒருமுறை எடுத்த அளவோடு அந்தக் கைகள் நிறுத்தவில்லை. கட்டையின் நடுவில் எடுத்தன, இடது ஓரத்தில் எடுத்தன, வலது ஓரத்தில் எடுத்தன. மூன்றும் ஒன்றாக இருப்பது தெரிந்த பிறகுதான் நூல் கீழே போனது.

"அண்ணே, உங்க கடைசல்ல பழுது இல்ல," என்றார் இருளாயி.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்தக் கட்டையைக் கடைந்தவன் நான். செல்லூரில் மரக் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். சற்று முன்புதான் கடை முதலாளி வெள்ளைத்துரை, "இது உருளையா மலையாண்டி? கோழிமுட்டை கூட இதைவிட உருண்டையா இருக்கும்யா," என்று நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தார்.

இது நடந்தது இரண்டாயிரத்து எட்டில், மின்வெட்டு நேரத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் வேலையைத் தொடங்கிய காலத்தில். வெள்ளைத்துரையின் கடை சிம்மக்கல்லில் ஒரு மாடியில் இருந்தது. ரப்பர் ஸ்டாம்பு, பெயர்ப்பலகை, கேடயம், கல்யாணத்தில் கொடுக்கும் நினைவுப் பரிசு எல்லாம் செய்வார்கள். மரத்திலும் கண்ணாடியிலும் ஒளியால் சுட்டு எழுதும் லேசர் மெஷின் ஒன்று அங்கே இருந்தது. அதைத் தொட்டவர் இருளாயி ஒருவர்தான்.

அந்தக் கட்டை சாரதாம்பாளுடையது. செல்லூரில் சௌராஷ்டிரக் குடும்பம், நெசவு வீட்டில் பிறந்தவர், சுங்குடிச் சேலைக்குக் குறி போட்டுக் கொடுப்பவர். வெள்ளைத் துணியில் முதலில் கழுவினால் போய்விடும் சாயத்தில் புள்ளிபுள்ளியாகக் குறி விழ வேண்டும். ஒவ்வொரு குறியிலும் பெண்கள் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போடுவார்கள். துணியைச் சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்தால், கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. குறி பிசகினால் முடிச்சு பிசகும். சாயம் ஏறிய பிறகு திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

கையகல அச்சுக்கட்டையால் குறி போடும்போது, ஒரு அச்சும் அடுத்த அச்சும் சேரும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கோணும். அதைப் பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்டவர் சாரதாம்பாள். அச்சை உருளையாகச் செய்து துணியின்மேல் ஓட்டினால் சேர்மானமே இருக்காது என்பது அவருடைய யோசனை. தீபாவளிக்கு அப்படிக் கோணாத வரிசைகளோடு சேலை தருவதாக ஒரு சென்னைக் கடைக்குச் சொல்லிவிட்டார். அவர் தெருவில் முடிச்சுப் போடும் பெண்கள் அத்தனை பேரும் அந்தக் குறிக்காகக் காத்திருந்தார்கள்.

நான் பூவரசு மரத்தில் உருளை கடைந்து கொடுத்தேன். புள்ளிகளை மட்டும் மேடாக விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் லேசர் சுட்டுக் குழிக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனைதான். உருளையின் சுற்று எங்கே தொடங்கியதோ அங்கேயே வந்து முடிய வேண்டும். கடைசி வரிசைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே, மற்ற வரிசைகளுக்கு நடுவே இருக்கும் அதே இடைவெளி.

முதல்முறை சுட்டபோது ஒரு அரிசி அகலம் மிச்சமாக நின்றது. அதற்காகத்தான் அந்த நூலும் அடிக்கோலும்.

"சேத்துத் தாரேம்மா," என்று இருளாயி சாரதாம்பாளிடம் சொல்லியிருந்தார். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லுகிற ஆள் இல்லை.

இருளாயிக்கு ஊர் அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் பிழைத்தவர்கள். எட்டாவதோடு படிப்பு நின்றது. டவுன் பஸ் ஏறி சிம்மக்கல்லுக்கு வந்து, வெட்டிய ரப்பரை மரப்பிடியில் ஒட்டும் வேலையில் சேர்ந்தார். பிறகு ஈய எழுத்து கோக்கப் பழகினார். ஸ்டாம்புக்கான எழுத்து இடவலமாக மாறி இருக்கும். அதிலேயே வருஷக்கணக்காகக் கிடந்ததில் கண் அதற்குப் பழகிப்போனது. "பஸ்ஸு போர்டைப் படிக்கத்தேண்ணே எனக்குச் செத்த நேரம் ஆகும். கண்ணாடில பாத்தா சட்டுனு படிச்சுருவேன்," என்று சிரிப்பார். அவருடைய கணவர் காளை ஆட்டோ ஓட்டுகிறவர். பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரிவதையெல்லாம் அவருக்குப் படித்துச் சொல்வது இருளாயிதானாம்.

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது சாப்பாட்டு இடைவேளைகளில் அதைக் கற்றுக்கொண்டார். லேசர் மெஷின் வந்தபோது, விற்ற கம்பெனியின் ஆள் சுவிட்ச் போடவும் நிறுத்தவும் காட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். கூட வந்த புத்தகம் சீன மொழியில். மீதியை இருளாயி ரப்பர் ஸ்டாம்பு வேலையில் படித்த ஒரே பாடத்தை வைத்துக் கண்டுபிடித்தார். ரப்பரை அச்சில் வைத்து வேகவைக்கும்போது சூட்டையும் அழுத்தத்தையும் ஒன்றாக மாற்றினால், ரப்பர் கருகியது எதனால் என்று கடைசிவரை தெரியாது. "ஒரு நேரத்துல ஒண்ணைத்தேன் மாத்தணும்," என்பார். நானும் இத்தனை காலமாக உளி பிடிக்கிறேன். என்னால் அப்படி இருக்க முடிந்ததில்லை. வேலை கெட்டால் நான் உளியையும் மாற்றுவேன், வேகத்தையும் மாற்றுவேன், மரத்தையும் திட்டுவேன்.

கெட்டுப்போன மேல்பரப்பை நான் மறுபடி கடைசலில் ஏற்றிச் சீவி எடுத்தேன். உருளை ஒரு தோல் மெலிந்தது. மெலிந்த சுற்றளவுக்கு ஏற்ப இருளாயி புள்ளிகளை மறுபடி பங்கிட்டார். சாரதாம்பாள் உருளையை வீட்டுக்கு எடுத்துப் போய், மறுநாள் பழைய சேலைத்துணியில் சுற்றி மடியில் வைத்தபடி ஆட்டோவில் வந்து இறங்கினார்.

மெஷினுக்குள் ரோட்டரி என்கிற துணைக்கருவி இருந்தது. படுக்கைவாட்டில் இரண்டு தண்டுகள், தண்டுகளில் ரப்பர் சக்கரங்கள். உருளையை அந்தச் சக்கரங்களின் மேல் படுக்க வைக்க வேண்டும். மோட்டார் ஒரு பெல்ட் வழியாகச் சக்கரத்தைத் திருப்பும். சக்கரம் உருளையைத் திருப்பும். உருளையின் இரு ஓரங்களிலும் புள்ளி இல்லாமல் விட்ட வெற்று மரத்தில்தான் ரப்பர் தொடும். மேலே லேசரின் தலை இடமும் வலமுமாக ஓடிச் சுட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் உருளை ஒரு மயிரளவு திரும்பும்.

இரண்டாம்முறை சுடும்போது நாங்கள் எல்லாரும் நின்று பார்த்தோம். மரம் கருகும் வாசத்தோடு கீழே டீக்கடையில் வடை சுடும் வாசமும் கலந்து வந்தது.

"ஏப்பா மலையாண்டி, பசியைக் கிளப்புதே. ரெண்டு வடை வாங்கியாயேன்," என்றார் சாரதாம்பாள்.

"வேலை முடியட்டும்மா. சேந்துச்சுன்னா ரெண்டென்ன, சட்டியோட வாங்கியாறேன்."

சேரவில்லை. இந்த முறை இரண்டு அரிசி அகலம் நின்றது.

வெள்ளைத்துரை கையைப் பிசைந்தார். "ஏ இருளாயி, எம்புட்டு இடைவெளி நிக்குதோ அம்புட்டை அளவுல கூட்டிப் போட்டுட்டாப் போச்சு. இதுக்குப்போயி யோசிச்சுக்கிட்டு."

"தப்பு ஒரே மாதிரி வந்தா கணக்குல தப்பு மொதலாளி. அன்னைக்கு ஒரு அரிசி, இன்னைக்கு ரெண்டு அரிசி. கணக்கு ராத்திரி சோறு தின்னு வளராது."

சாரதாம்பாள் பக்கென்று சிரித்துவிட்டார். உடனே அடக்கிக்கொண்டார். சிரிக்கிற நிலையில் அவர் இல்லை.

இருளாயி பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, சுட்ட வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் பார்த்தால் புள்ளி எல்லாம் புள்ளிதான். அவர் நகத்தை ஒரு வரிசையில் வைத்தார். "இது வரைக்கும் சரியா வந்துருக்கு. இங்கேருந்து நெருங்குது. போகப் போக நெருக்கம் கூடுது. உருளை பாதி வழியில சோம்பிருச்சு."

பிறகு அவர் செய்த காரியத்தை நான் இன்றைக்கும் எண்ணிப் பார்ப்பதுண்டு. லேசரை அணைத்துவிட்டு ஒரு பென்சிலை எடுத்தார். மோட்டார் தண்டில் ஒரு கோடு, ரப்பர் சக்கரத்தில் ஒரு கோடு, உருளையில் ஒரு கோடு. மூன்றையும் மேல்நோக்கி வைத்து, உருளை சரியாக ஒரு சுற்றுப் போகும்படி மெஷினை ஓட்டினார். தண்டின் கோடும் சக்கரத்தின் கோடும் எந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்று முன்னமே கணக்குப் போட்டுச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்திருந்தார். அவை இரண்டும் குறித்த இடத்தில் வந்து நின்றன. உருளையின் கோடு மட்டும் மேலே வரவில்லை. கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது.

"மோட்டாருல கோளாறு இல்ல. பெல்ட்டுல இல்ல. ரப்பர் திரும்புது. மரம் வழுக்குது," என்றார்.

மூன்று பென்சில் கோடுகள், அவ்வளவுதான். மெஷின் தன் குறையைத் தானே வாயைத் திறந்து சொன்னது போல் இருந்தது எனக்கு.

ஆனால் ஏன் வழுக்குகிறது? ரப்பர் தேய்ந்திருக்கலாம் என்று மோட்டார் சாமான் கடையில் புது ரப்பர் வளையம் வாங்கி மாட்டினார். அப்போதும் வழுக்கியது. வளையத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உருளை கனம் கூடுதலோ என்று என்னிடம் வேறொரு பூவரசங்கட்டையில் அதே அளவுக்கு ஒன்று கடைந்து கேட்டார். என்னிடம் கிடந்தது ஈரம் போகாத கட்டை, கனம் இன்னும் கூடுதல். சோதனைக்கு ஆகுமே தவிர வேலைக்கு ஆகாது, காய்ந்ததும் வெடித்துவிடும். அதைக் கடைந்து கொண்டுபோனேன். பென்சில் கோடு போட்டு ஓட்டினார். கோடு மேலே வந்து நின்றது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

ஒரே கடைசல், ஒரே அளவு, ஒரே சாதி மரம். இது சேருகிறது, அது சேரவில்லை. இருளாயி இரண்டு உருளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் சாரதாம்பாளின் உருளையை இன்னொருமுறை சீவினேன். சீவும்போதே எனக்குப் பயம். நடுமரத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. இன்னும் ஒரு தோல் எடுத்தால் அது வெளியே தெரிந்துவிடும். "இதுக்கு மேல உளி வைக்க முடியாதும்மா," என்று சாரதாம்பாளிடம் சொன்னேன். புதிதாக மரம் வெட்டிக் காயவைத்தால் ஒரு வருஷம் ஆகும். தீபாவளிக்கு அவ்வளவு நாள் ஏது? அவர் உருளையைச் சேலைத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலை மின்வெட்டு முடிந்து விளக்கு எரிந்ததும் தொடங்குவதாக ஏற்பாடு. இருளாயி உருளையைச் சக்கரங்களின் மேல் வைத்தார். வரிசையைச் சுடுவதற்கு முன்னால், ஓரத்து வெற்று மரத்தில் சோதனைக்காக ஒரே ஒரு புள்ளி சுட்டார்.

சுட்டதும் நிறுத்திவிட்டார். மூக்கைச் சுளித்தார். ஜன்னல் பக்கம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார்.

"டீக்கடை பூட்டிக் கெடக்கு," என்றார்.

"அவரு பேரப்பிள்ளைக்கு மொட்டை போட அழகர்கோவில் போயிருக்காரு," என்றார் வெள்ளைத்துரை. "உனக்கு டீ வேணும்னா வேற கடையில வாங்கிக்கலாம்."

"டீ வேணாம் மொதலாளி. கடையே இல்ல, அப்புறம் எங்கேருந்து வடை வாசம் வருது?"

எல்லாரும் மோந்து பார்த்தோம். ஆமாம், கடலை எண்ணெய் காயும் வாசம். இருளாயி ஒரு பழைய நாளிதழைக் கிழித்து, அந்தத் துண்டை உருளையின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வடை மடித்த தாள் போலக் காகிதம் கண்ணாடியாக மாறி, பின்பக்கத்து எழுத்து தெரிந்தது.

"யாரும்மா இதுல எண்ணெ தடவுனது?"

"யாரு தடவுவா, நாந்தேன்," என்றார் சாரதாம்பாள், இதென்ன கேள்வி என்பது போல. "மரத்துக்கு எண்ணெ காட்டாம வப்பாகளா? எங்க வீட்டுல தறிக்கட்டை, நூலு ஓடுற நாடா எதைத் தொட்டாலும் எண்ணெத் துணியால ஒரு துடை துடைச்சுட்டுத்தேன் வேலை. இல்லாட்டி நூலு சிக்கும்ல?"

"தெனமுமா?"

"மொதல்ல ஒருதரம் துடைச்சேன். அது சேரலையேன்னு மனசு கேக்காம அடுத்த தடவை சாமியக் கும்புட்டு நல்லா ஊறத் துடைச்சேன். நேத்து..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். "அட கடவுளே. நானாடி வழுக்கிவிட்டேன்?"

தறியில் நூல் மரத்தின்மேல் வழுக்கிப் போனால்தான் நெசவு. இங்கே ரப்பர் மரத்தைப் பற்றினால்தான் வேலை. பிறந்ததிலிருந்து செய்து வந்த ஒரு நல்ல காரியம் இப்படிக் காலை வாரிவிடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சூடு ஏற ஏற மரம் குடித்த எண்ணெய் வெளியே கசிந்து வந்திருக்கிறது. பாதிச் சுற்றுக்கு மேல் புள்ளிகள் நெருங்கியதற்கு அதுதான் காரணம்.

"மலையாண்டி, நீ சீவி எடுத்துரேன்," என்றார் வெள்ளைத்துரை.

"இனிச் சீவ முடியாதுண்ணே. வெடிப்பு வந்துரும்."

இருளாயி உருளையின் இரண்டு ஓரங்களையும் எண்ணெயைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தார். காயவிட்டார். வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் ஒட்டும் பேப்பர் டேப்பை எடுத்து, ரப்பர் தொடும் இடத்தில் மட்டும் ஒரே ஒரு சுற்று ஒட்டினார். டேப்பின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இடைவெளியும் விடாமல், முட்டிக்கொண்டு நிற்கும்படி பிளேடால் வெட்டினார். ஏறினால் அந்த இடத்தில் உருளை ஒரு துள்ளுத் துள்ளுமாம். இனி ரப்பருக்கு மரத்தோடு பேச்சில்லை, காகிதத்தோடுதான்.

பிறகு நூலை எடுத்து டேப்பின் மேல் சுற்றினார்.

"மறுபடியுமா?" என்றார் வெள்ளைத்துரை. "இம்புட்டுக்காணு காகிதத்துக்கு எம்புட்டு வித்தியாசம் வந்துரும்?"

"சக்கரம் இப்ப இதத்தான தொடுது மொதலாளி. சுத்து இங்கேருந்துதேன் கணக்கு. வித்தியாசம் மயிரளவுதேன், ஆனா ஒவ்வொரு சுத்துக்கும் சேலை முழுக்க வருமே."

அளவை மாற்றினார். லேசரை அணைத்து, பென்சில் கோடு போட்டு, வெறும் ஓட்டம் விட்டார். கோடு மேலே வந்து நின்றது. இன்னொருமுறை விட்டார். நின்றது. அதற்குப் பிறகுதான் மூடியைச் சாத்தி லேசரைப் போட்டார்.

தலை ஓடத் தொடங்கியது. சிவப்பும் இல்லாத வெள்ளையும் இல்லாத ஒரு பொட்டு வெளிச்சம் மரத்தின்மேல் ஓடி, புள்ளி வரும் இடத்தில் அணைந்து, தாண்டியதும் எரிந்தது. எண்ணெய் வாசம் வந்தது, புகை வந்தது. சாரதாம்பாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு மூடியின் கண்ணாடியை விட்டு நகரவில்லை. இருளாயி மெஷினைப் பார்க்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டாரின் ஓசை ஒரே சீராக வந்தது. அந்த ஓசைக்குள் வழுக்கல் இருந்தால் அவருக்குத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் என் கடைசல் பேசும்; ஆனால் இவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதில்லை.

முதல் வரிசை சுற்றிக்கொண்டு பின்னாலிருந்து மேலே வந்தது. கடைசி வரிசை அதை நோக்கிப் போனது. நடுவில் சுடாத மரம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு விரல், அரை விரல், ஒரு கோடு. பிறகு கோடும் இல்லை. தலை ஓரத்துக்குப் போய் நின்றுவிட்டது.

இருளாயி மூடியைத் திறந்து உருளையை எடுத்தார். பல்துலக்கும் பிரஷ்ஷால் கரியைத் தட்டினார். டேப்பை உரித்தார். சாரதாம்பாள் கொண்டுவந்திருந்த இரும்புப் பிடியில் மாட்டி, குறிச்சாயம் தோய்த்து, மேசையில் விரித்த வெள்ளைத் துணியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஓட்டாக ஓட்டினார்.

புள்ளிகள் விழுந்துகொண்டே போயின. முளைத்த நெல்வயலை வரப்பில் நின்று பார்ப்பது போல, நேராகப் பார்த்தாலும் வரிசை, சாய்வாகப் பார்த்தாலும் வரிசை. உருளை எத்தனை சுற்றுச் சுற்றியது என்று துணியைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

சாரதாம்பாள் குனிந்தார். வாழ்நாளெல்லாம் முடிச்சு எண்ணிய நகம். அந்த நகத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்து துணியின் மறுமுனை வரை போனார், திரும்பி வந்தார். பிடியிலிருந்து உருளையைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு அதன்மேலும் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

"எங்கேடி ஆரம்பிச்ச?" என்றார்.

இருளாயி உருளையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். மெல்லத் திருப்பினார். பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடியும் திருப்பினார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு திகைப்பு வந்தது.

"தெரியலம்மா," என்றார். "எனக்கே தெரியல."

பூட்டியிருந்த டீக்கடைக்கு மேலே வெயில் நன்றாக ஏறியிருந்தது. இருளாயி உருளையிலிருந்த சாயத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டினார். சாரதாம்பாள் முந்தானையை விரித்து அதில் வாங்கிக்கொண்டார்.